கார்த் தொழிலில் வல்ல நாடு எது? – ஒரு நூலும் அதன் அளவுகோலும்

அளவீடுகளைப் பற்றிய பாடம் முடிந்து மணியடித்த வேளையில் மாணவர் ஒருவர் எழுந்து, "கார் செய்வதில் எந்த நாடு சார் முதல்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே விடை கூறத் தொடங்கிவிட்டது. எஞ்சினுக்கு ஜெர்மனிதான் என்றார் ஒருவர். ஜப்பான் கார் பழுதாகவே ஆகாது என்றார் மற்றொருவர். அழகுக்கு இத்தாலி, பெரிய உருவத்துக்கு அமெரிக்கா, மலிவுக்குச் சீனா என்று பட்டியல் நீண்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "நம்மால் மட்டும் எதுவும் ஆகாது சார்" என்றது. வகுப்பு முழுவதும் சிரித்தது.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கடைசி விடையும் அதைத் தொடர்ந்த சிரிப்பும் என்னை விட்டு அகலவில்லை. ஒரு நாட்டு மக்களின் பிறவிக் குணமே அந்நாட்டின் தொழில் வலிமையாகிறது என்ற நம்பிக்கை அச்சிரிப்பில் மறைந்திருந்தது. அது உண்மையா? இக்கேள்வியை அளவுகோல் கொண்டு ஆராய முயன்ற நூல் ஒன்று உண்டு. அந்நூல் எதைச் சாதித்தது, எங்கே தவறியது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூக்காரரின் முழம்

பூக்கடையில் மல்லிகைச் சரத்தை நாம் முழக்கணக்கில் வாங்குகிறோம். விற்பவர் தம் கையால் அளந்து தருகிறார். நீண்ட கை உடையவரிடம் வாங்கினால் பூ அதிகம். குட்டைக் கை உடையவரிடம் வாங்கினால் குறைவு. இருவரும் சொல்வது 'ஒரு முழம்'தான்.

நாடுகளின் கார்த் தொழிலை ஒப்பிடுவோரும் பெரும்பாலும் இவ்வாறுதான் முழம் போடுகின்றனர். மிகவும் வழக்கமான முழம் எண்ணிக்கை. ஆண்டுக்கு எத்தனை ஊர்திகள் என்று எண்ணினால், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த அமெரிக்காவை 1980-இல் ஜப்பான் முந்தியது. 2009-இல் சீனா முதலிடத்துக்கு வந்தது. ஆனால் எண்ணிக்கை ஆலையின் வாயிலில் நின்று எண்ணுவது. உள்ளே அந்தக் கார் எத்தனை பேர் உழைப்பில் உருவானது, எத்தனை குறைகளோடு வெளிவந்தது, அதன் எஞ்சினை வரைந்தவர் எந்த நாட்டவர் என்பவற்றை அது சொல்லாது. மற்றொரு முழம் புகழ். இது இன்னும் மோசமானது. தாத்தா காலத்துக் காரைப் பற்றிய புகழ் பேரன் காலத்துக் காருக்கும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நூல் பிறந்த சூழ்நிலை

1980-இல் ஜப்பான் முந்தியதும் மேல்நாடுகளில் பெரும் கலக்கம் ஏற்பட்டது. ஜப்பானில் கூலி குறைவு என்றனர் சிலர். அங்கே எல்லாம் எந்திர மனிதர்கள் என்றனர் சிலர். அரசு உதவுகிறது என்றனர் சிலர். ஜப்பானியர் இயல்பாகவே தேனீக்கள் போன்றவர்கள், நம்மவரால் அப்படி உழைக்க முடியாது என்றும் சொல்லப்பட்டது. எங்கள் வகுப்பின் கடைசி வரிசைக் குரல் அன்று அமெரிக்காவிலும் கேட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1985-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 50 இலட்சம் டாலர் செலவில் அது நடைபெற்றது. உலகெங்கும் ஏறத்தாழ 90 ஆலைகளுக்கு ஆய்வாளர் நேரில் சென்றனர். அதன் முடிவுகளை ஜேம்ஸ் வோமாக், டேனியல் ஜோன்ஸ், டேனியல் ரூஸ் ஆகிய மூவரும் 1990-இல் நூலாக வெளியிட்டனர். 'உலகை மாற்றிய எந்திரம்' என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இன்றும் தொழில் மேலாண்மை பயில்வோர் அதைப் படிக்கின்றனர். இத்தனை ஆண்டுகள் கடந்த பின் அதை எடைபோடுவது எளிது. ஏனெனில் அதன் கூற்றுகளைக் காலமே சோதித்துவிட்டது.

இரண்டு ஆலைகள், ஒரே அளவுகோல்

பல இடங்களில் செய்யப்பட்ட உறுப்புகளை ஒன்றுசேர்த்து முழுக் காராக்கி வெளியே அனுப்பும் இடத்தைப் 'பொருத்தும் ஆலை' என்று இங்குக் குறிப்பிடுவோம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஃபிரேமிங்காம் என்ற ஊரில் அத்தகைய ஆலை ஒன்று இருந்தது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்துக்குத் தகாவோகாவில் ஒன்று. 1986-இல் ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டனர்.

மேலோட்டமாகக் கணக்கிட்டால், ஒரு காரைப் பொருத்தி முடிக்க ஃபிரேமிங்காமில் 40.7 மணி உழைப்பும் தகாவோகாவில் 18 மணி உழைப்பும் தேவைப்பட்டன. ஆனால் இது பூக்காரரின் முழம். ஒரு கார் பெரிது, மற்றது சிறிது. ஓர் ஆலை தானே செய்யும் வேலையை மற்றோர் ஆலை வெளியே கொடுத்துவிடும். இத்தகைய வேறுபாடுகளையெல்லாம் கழித்து, இரண்டு ஆலைகளும் ஒரே வேலையைச் செய்வதாக வைத்துக் கணக்கிட்டபோது 31 மணி, 16 மணி என்று விடை வந்தது. இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. 100 கார்களில் காணப்பட்ட குறைகள் ஃபிரேமிங்காமில் 130, தகாவோகாவில் 45. உறுப்புகளின் இருப்பு ஃபிரேமிங்காமில் சராசரியாக இரண்டு வாரத்துக்கு. தகாவோகாவில் இரண்டு மணி நேரத்துக்கு.

ஒப்பிடும் முன் ஒப்பிடத்தக்கதாக்குதல் என்ற இந்த ஒழுங்கே இந்நூலின் முதற்சிறப்பு. அறிவியல் மாணவர் இந்நூலிலிருந்து வேறெதையும் கற்காவிட்டாலும் இதைக் கற்றால் போதும்.

ஜெர்மனியின் புகழையும் இதே அளவுகோல் பதம் பார்த்தது. உயர்விலைக் கார் செய்யும் ஓர் ஆலையில் ஆய்வாளர் கண்ட காட்சியை நூல் விவரிக்கிறது. வரிசையின் கடைசியில் மிகப் பெரிய கூடம்; அதில் வெள்ளை அங்கி அணிந்த தொழில்நுட்பவாணர் கூட்டம். முடிந்த கார்களின் குறைகளைக் கண்டுபிடித்துச் செப்பனிடுவதே அவர்கள் வேலை. அந்த ஆலையின் மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அங்கே செலவாயிற்று. வாடிக்கையாளர் கைக்குப் போன கார் சிறந்ததுதான். ஆனால் தவறு செய்து திருத்திப் பெற்ற சிறப்பு அது. ஜெர்மன் கைவினைத் திறன் என்று உலகம் போற்றியதில் ஒரு பகுதி, தவிர்த்திருக்கக் கூடிய தவறுகளின் கூலி என்று நூல் துணிந்து கூறியது.

கயிற்றை இழுக்கும் உரிமை

இந்த வேறுபாட்டின் காரணம் என்ன? 1950-இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டின் ரூஜ் ஆலையைப் பார்வையிட்டார். அதுவரை 13 ஆண்டுகளில் டொயோட்டா செய்திருந்த கார்கள் 2,685. ரூஜ் ஆலையிலிருந்து ஒரே நாளில் 7,000 வெளிவந்தன. அந்த முறையை அப்படியே பின்பற்ற ஜப்பானில் பணமும் இல்லை. அத்தனை கார் வாங்க ஆளும் இல்லை. ஆகவே டொயோடாவும் அவருடைய பொறியாளர் தாயிச்சி ஓனோவும் வேறு வழி தேடினர்.

கார்க் கூட்டின் தகடுகளை வடிப்பதற்குப் பெரிய அழுத்துபொறிகளில் கனத்த அச்சுகளைப் பொருத்துவர். ஒரு தகட்டை விட்டு வேறொரு தகட்டுக்கு மாற வேண்டுமானால் அச்சை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் இதற்கு ஒரு நாள் ஆகும். எனவே ஒரே தகட்டை மலைபோல் வடித்து அடுக்கிவைத்தனர். ஓனோ அச்சு மாற்றும் வேலையைப் பலமுறை சோதித்து, 1950-களின் இறுதிக்குள் அதை மூன்று நிமிடமாகக் குறைத்தார். அதனால் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக வடிக்க முடிந்தது. அப்போது எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. தகட்டில் குறை இருந்தால் அடுத்த சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. மலைபோல் குவித்த இடத்தில் அதே குறை பல நாள் கழித்தே தெரியவரும். அதற்குள் ஆயிரக்கணக்கான தகடுகள் பாழாகியிருக்கும்.

இரண்டாவது மாற்றம் இன்னும் முக்கியமானது. அமெரிக்க ஆலைகளில் நகரும் வரிசையை நிறுத்தும் உரிமை மேலாளருக்கு மட்டுமே. குறை தெரிந்தாலும் தொழிலாளர் அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார். ஓனோ ஒவ்வொரு தொழிலாளரின் தலைக்கு மேலும் ஒரு கயிற்றைக் கட்டினார். குறையைக் கண்டவர் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம். நின்றதும் அனைவரும் கூடி, ஏன் என்று ஐந்து முறை திரும்பத் திரும்பக் கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கத்தில் வரிசை ஓயாமல் நின்றது. போகப்போக நிற்பது அரிதாயிற்று.

இதன் பயனை வாசகர்கள் ஒரு கணக்கால் உணரலாம். ஒரு காரைப் பொருத்த 1,000 செயல்கள் தேவை என்று கொள்வோம். ஒவ்வொரு செயலும் ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டும் தவறுகிறது. மிக நல்ல வேலை என்றுதானே நினைப்போம்? ஒரு குறையும் இல்லாமல் வெளிவரும் கார்கள் எத்தனை? 0.999 என்ற எண்ணை 1,000 முறை பெருக்கினால் 0.37 வரும். அதாவது 100-க்கு 37 கார்களே குறையற்றவை. தவறு பத்தாயிரத்துக்கு ஒன்று என்று குறைந்தால் 100-க்கு 90 கார்கள் குறையற்று வரும். கடைசியில் நின்று சோதிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் இந்த மாற்றத்தை அவரால் உண்டாக்க முடியாது. ஒவ்வொரு செயலின் அருகிலும் நிற்பவரால்தான் முடியும்.

நூல் இம்முறையை 'லீன்' என்று அழைத்தது. வீண் சதையற்ற மெலிந்த உடலைக் குறிக்கும் சொல் அது. நாம் 'சிக்கன உற்பத்தி' எனலாம்.

நாட்டின் குணமா, முறையின் குணமா?

இனி நம் கேள்விக்கு வருவோம். இது ஜப்பானியருக்கு மட்டும் கைவருமா? நூலிலுள்ள மிகச் சிறந்த சான்று இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலை ஒன்று இருந்தது. வேலைநிறுத்தங்களுக்கும் ஆள் வராமைக்கும் பெயர்போன அந்த ஆலை 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. அதே கட்டடம். தொழிலாளரில் பெரும்பாலோர் பழைய ஆட்கள். அதே தொழிற்சங்கம். மாறியது முறை ஒன்றே. 1987-இல் அளந்தபோது ஒரு காருக்கு 19 மணி. 100 கார்களுக்கு 45 குறைகள். குறைகளின் எண்ணிக்கையில் தகாவோகாவுக்குச் சமம்!

ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணியை அறிய வேண்டுமானால் மற்றவற்றை மாறாமல் வைத்து அதை மட்டும் மாற்றுவோம். மனிதர் வாழ்வில் இத்தகைய சோதனை கிடைப்பது அரிது. ஃபிரீமான்ட் அப்படிக் கிடைத்த ஒன்று. சோம்பேறிகள் என்று பெயர் எடுத்தவர்களே மூன்று ஆண்டுகளில் உலகின் முன்வரிசைக்கு வந்தனர் என்றால், சோம்பல் அவர்கள் இரத்தத்தில் இருந்ததாக எவ்வாறு கூற முடியும்?

மற்றொரு சான்று மெக்சிகோவின் எர்மோசியோ நகரில் இருந்த ஃபோர்டு ஆலை. ஆய்வில் இடம்பெற்ற பேரளவு உற்பத்தி ஆலைகள் அனைத்திலும் குறை மிகக் குறைந்தது அதுவே. ஜப்பானின் சிறந்த ஆலைகளும் அதற்குப் பின்னால்தான் நின்றன. வளரும் நாடு என்று ஒதுக்கப்பட்ட நாட்டில் இது நடந்தது.

இங்குத்தான் நூலின் மீது என் முதற்குறையைச் சொல்ல வேண்டும். இவ்வளவு அரிய சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அட்டவணைகளை மட்டும் ஆசிரியர்கள் நாட்டுவாரியாகவே வகுத்தனர். ஒரு காருக்கு ஜப்பானில் 16.8 மணி, வட அமெரிக்காவிலுள்ள அமெரிக்க ஆலைகளில் 25.1 மணி, ஐரோப்பாவில் 36.2 மணி என்ற சராசரிகளே செய்தித்தாள்களில் பரவின. சராசரியை மட்டும் சொல்லிப் பரவலைச் சொல்லாமல் விட்டால், ஆய்வுக்கூட ஏட்டில் நாம் மதிப்பெண் தருவதில்லை. நூலின் உள்ளேயுள்ள படங்களைப் பார்த்தால் ஒரே நாட்டின் ஆலைகளுக்குள்ளேயே பெரும் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. சிறந்த அமெரிக்க ஆலை, பின்தங்கிய ஜப்பானிய ஆலையைவிடக் குறைந்த உழைப்பில் காரைப் பொருத்தியது. சராசரி என்ற போர்வை இதை மூடிவிட்டது. நாட்டின் குணம் அன்று, முறையின் குணமே காரணம் என்று நிறுவிய நூல், 'ஜப்பானியர் வல்லவர்' என்ற பழைய நம்பிக்கைக்கே புதிய எண்களைத் தந்ததாக உலகம் படித்துக்கொண்டது. படித்தவர் தவறு பாதி. அட்டவணையின் தவறு பாதி.

அளவுகோல் தொடாத உழைப்பு

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. ஒரு காருக்கு எத்தனை மணி உழைப்பு என்று அளந்தவர்கள், அந்த உழைப்பு உழைப்பவரின் உடலிலும் குடும்பத்திலும் என்ன செய்கிறது என்று அளக்கவில்லை. பொறுப்பும் சவாலும் தொழிலாளருக்கு நிறைவு தரும் என்று வாதிட்டதோடு நின்றனர்.

ஆனால் வேறு குரல்கள் முன்பே எழுந்திருந்தன. சடோஷி கமடா என்ற ஜப்பானிய எழுத்தாளர் 1972-இல் டொயோட்டா ஆலையில் பருவத் தொழிலாளராகச் சேர்ந்து, நகரும் வரிசையின் வேகம் மனிதரை எப்படிக் கசக்குகிறது என்று 1973-இல் நூல் எழுதினார். பிறகு 2002-இல் டொயோட்டாவில் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்த 30 வயது ஊழியர் ஒருவர் ஆலையிலேயே மயங்கி விழுந்து இறந்தார். 2007-இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் அதை மிகை உழைப்பால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பளித்தது. வேலை நேரத்துக்குப் பின் நடக்கும் தர வட்டக் கூட்டங்கள் விருப்பப்பணி என்று கருதப்பட்டன. நீதிமன்றம் அவற்றையும் வேலையாகவே கணக்கில் கொண்டது.

இதை நூலின் அட்டவணையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆலைகளில் ஊழியர் ஒருவர் ஆண்டுக்கு 61.6 யோசனைகள் தந்தார். அமெரிக்க ஆலைகளில் 0.4 மட்டுமே என்று நூல் பெருமையோடு காட்டுகிறது. அந்த 61.6 யோசனைகள் எந்த நேரத்தில் எழுதப்பட்டன? 16.8 மணியில் அந்த நேரம் சேர்ந்ததா? நூல் இக்கேள்வியை எழுப்பவேயில்லை. அளவுகோலில் பதியாத செலவு செலவே இல்லை என்று எண்ணுவது, தராசின் அடியில் ஒட்டிய புளியைக் கவனிக்காமல் எடை நிறுப்பதற்கு ஒப்பாகும்.

இதனால் முறையே தவறு என்று நான் கூறவில்லை. கயிற்றை இழுக்கும் உரிமை தொழிலாளருக்கு மரியாதை. ஆனால் அந்த மரியாதையோடு ஓய்வும் சேர்ந்தால்தான் அது முழு முறை. ஒரு நாட்டின் தொழில் வலிமையை அளக்கும் கோலில் இதற்கும் ஒரு கோடு இருக்க வேண்டும்.

கார் மாறியபோது

மூன்றாவது குறை காலம் காட்டியது. பொருத்தும் வேலை, காரின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் என்பதை நூலே ஒப்புக்கொள்கிறது. வடிவமைப்புக்கும் உறுப்புத் தொழிலுக்கும் தனி அதிகாரங்கள் உண்டு. ஆயினும் எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றே: தெரிந்த பொருளை எவ்வளவு விரைவாக, எவ்வளவு பிழையின்றிச் செய்கிறார்கள்? பொருளே மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதில் இல்லை.

ஃபிரீமான்ட் ஆலையின் பிற்காலமே இதற்கு விடை. 2010-இல் கூட்டு நிறுவனம் அதை மூடியது. அதே ஆண்டில் டெஸ்லா நிறுவனம் கட்டடத்தை வாங்கி, 2012 முதல் மின்கார்களைச் செய்து வருகிறது. பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது. மின்மோட்டாரின் திறனோ 90 விழுக்காட்டைத் தாண்டும். நூறு ஆண்டுகளாக எஞ்சினைச் செதுக்கிப் பெற்ற வலிமை மின்காருக்குத் தேவையில்லை. அதன் உயிர் மின்கலத்தில் இருக்கிறது.

இலித்தியம் அயனி மின்கலத்தை 1991-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் சோனி நிறுவனம். இந்நூல் வெளிவந்த மறு ஆண்டு. ஆனால் அதைக் காருக்காகப் பேரளவில் செய்யும் ஆற்றலில் முன்னே சென்றது சீனா. பி.ஒய்.டி. நிறுவனம் 1995-இல் மின்கலம் செய்யத் தொடங்கி, 2003-இல்தான் கார்த் தொழிலில் இறங்கியது. 2023-இல் சீனா 49 இலட்சம் ஊர்திகளை ஏற்றுமதி செய்து ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளியது. அவற்றில் பெட்ரோல் கார்களும் உண்டு. எனினும் மின்கார்களின் பங்கு புறக்கணிக்கத் தக்கதன்று.

1990-இல் எழுதியவர்கள் இதைச் சொல்லவில்லை என்று குறை கூறுவது நியாயமா? சோதிடம் அவர்கள் கடமை அன்று. ஆனால் ஒரு வேலையை இன்று செம்மையாகச் செய்வது ஒரு வலிமை. நாளைய வேலைக்கு வேண்டிய வேதியியலையும் இயற்பியலையும் இன்றே கற்றுவைப்பது மற்றொரு வலிமை. இவ்விரண்டையும் அந்நூல் பிரித்துக் காட்டியிருக்கலாம். முதலாவதை மணியால் அளக்கலாம். இரண்டாவதை அளக்கும் கோல் அந்நூலில் இல்லை.

நம் கதை

இனி, கடைசி வரிசைக் குரலுக்கு விடை கூற வேண்டும். தரக் கட்டுப்பாடு என்னும் கலையின் தொடக்கம் ஜப்பானில் இல்லை. அமெரிக்காவில் வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியல் பட்டதாரி 1924-இல் அதற்கு அடிகோலினார். ஒரே பொருளை எத்தனை முறை செய்தாலும் அளவு சிறிது ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் தற்செயலானது எது, குறிப்பிட்ட காரணத்தால் வந்தது எது என்று பிரிக்க வேண்டும். காரணம் உள்ளதைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். இதுவே அவர் கருத்து. அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானில் இதைக் கற்பித்தார். நன்றிக்கடனாக ஜப்பானியர் 1951-இல் டெமிங் பரிசை ஏற்படுத்தினர்.

நம் நாட்டில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. டெமிங் ஜப்பானில் பாடம் நடத்துவதற்கு முன்னரே, 1947-48-இல், ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்திருந்தார். பேராசிரியர் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகம் அவரை வரவழைத்தது. அதாவது, ஜப்பான் டெமிங்கிடம் கேட்ட பாடத்தை அவருடைய ஆசிரியரிடமே நாம் முன்னதாகக் கேட்டோம்! ஆனால் கார் வாங்கப் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்துக் கிடந்த நாட்டில், குறையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி தொழிற்சாலைகளுக்கு இல்லை. எதைச் செய்தாலும் விற்றது. பாடம் ஏட்டோடு நின்றது.

1998-இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு டெமிங் பரிசைப் பெற்றது. பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் காற்று பிரேக் செய்துவந்த அந்தப் பிரிவே இந்தியாவில் இப்பரிசைப் பெற்ற முதல் தொழிற்சாலை. அதே ஆண்டில் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியது. அங்கிருந்து பல நாடுகளுக்குக் கார்கள் ஏற்றுமதியாகியுள்ளன. கயிற்றை இழுப்பவர் யார்? நம் ஊர்ப் பிள்ளைகள்தாம். நாம் மறக்கக் கூடாததும் ஒன்று உண்டு. அந்தக் காரில் கைத்திறன் நம்முடையது. நிறுவனமும் அடிப்படை வடிவமைப்பும் கொரியாவினுடையவை. அந்தக் கொரியாவே 1975-இல் ஜப்பானிய எஞ்சினையும் இத்தாலியர் வரைந்த உருவத்தையும் கொண்டு தன் முதல் சொந்த மாதிரிக் காரான 'போனி'யைச் செய்தது; சொந்த எஞ்சினை 1991-இல்தான் செய்தது. கற்கத் தொடங்கியவர் கடன் வாங்குவது இழிவன்று. பதினைந்து ஆண்டு கடந்தும் கடனிலேயே இருந்தால்தான் இழிவு.

ஆகவே கார்த் தொழிலில் வல்ல நாடு எது என்று கேட்டால், எதை அளக்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இந்நூலையும் படியுங்கள். நாட்டுவாரி அட்டவணைகளைச் சற்று ஐயத்தோடும், ஃபிரீமான்ட் பற்றிய பக்கங்களை இரண்டு முறையும் படியுங்கள்.

சில நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் கம்பியின் தடிமனை அளக்கும் வகுப்பு நடந்தது. கடைசி வரிசை மாணவரின் அளவுகள் மட்டும் மற்றவர்களின் அளவுகளைவிட ஒரே சீராகக் கூடுதலாக இருந்தன. "என் கை சரியில்லை சார்" என்றார். அவருடைய திருகு அளவியின் வாயை மூடிப் பார்க்கச் சொன்னேன். சுழிக்கோடு மூன்று பிரிவு தள்ளி நின்றது. சுழிப்பிழையைக் கழித்ததும் அவருடைய அளவுகள் எல்லாருடைய அளவுகளோடும் பொருந்தின. அன்று வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.